பதில்: இரசாயனவியல் படித்தால் பிறபொருளெதிரி ஆய்வுக்குப் போக முடியாதா?

தங்கச்சி, யாழ் கம்பஸில் இரசாயனவியல் இறுதியாண்டு, பிறபொருளெதிரி (antibody, உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளைப் பிடிக்கும் புரதம்) ஆய்வில் ஆசை, வீட்டிலோ "டொக்டருக்குப் படிக்காமல் அதெல்லாம் எப்படி?" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

பிறபொருளெதிரி ஆய்வில் பெயர் பெற்ற சேசர் மில்ஸ்டீன் ஆர்ஜென்டினாவில் படித்ததும் இரசாயனவியல்தான். கலாநிதிப் பட்டம் நொதியம் ஒன்றைப் பற்றியது. கேம்பிரிட்ஜில் உயிரிரசாயனவியலாளர் சாங்கர் சொல்லித்தான் பிறபொருளெதிரிப் பக்கம் திரும்பினார். 1975இல் உயிரியலாளர் கோலருடன் சேர்ந்து, பிறபொருளெதிரி சுரக்கும் கலத்தைப் புற்றுக்கலத்தோடு இணைத்து, ஒரே வகைப் பிறபொருளெதிரியை முடிவில்லாமல் எடுக்க வழி கண்டார். 1984இல் நோபல். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், அம்மா மசிவாரோ தெரியாது!

சரி, ஆய்வுத் தலைப்பு. நம் ஊரில் சுருட்டை விரியன் கடித்தால் ஏற்றுகிற மருந்து, இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தி எடுத்த பிறபொருளெதிரி. அது இங்குள்ள பாம்பின் நஞ்சிலுள்ள புரதங்களை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பது முழுக்க இரசாயனவியல் கேள்வி. மருத்துவ பீடத்தில் இணை மேற்பார்வையாளர் ஒருவரைத் தேடுங்கள். எலைசாவும் (பிறபொருளெதிரியைக் கொண்டு புரதங்களை அளக்கும் சோதனை) புரதம் பிரித்தெடுப்பதும் கைவந்துவிட்டால், அப்புறம் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு எழுதும்போது காட்ட ஏதாவது இருக்கும்.