குட்டை பெருகியும் போர்வெல்லில் தண்ணீர் ஏறவில்லையே?

கேள்வி: ஐயா, மானூர் பக்கம் 4 ஏக்கர் கரிசல். ஐப்பசி மழையில் பண்ணைக்குட்டை பெருகியது. மூன்று மாதத்தில் 2 அடிதான் குறைந்திருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிற 400 அடி போரில் ஒரு மாற்றமும் இல்லை. ஆயன்குளம் கிணறு மாதிரி, ஓடைத் தண்ணீரை நேரே போருக்குள் விட்டால் என்ன?

பதில்: அண்ணாச்சி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். 2021 வெள்ளத்தில் திசையன்விளை பக்கத்து ஆயன்குளம் கிணறு வாரக்கணக்கில் குடித்தும் நிரம்பாததற்குக் காரணம், அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறைக் குகைகள். சென்னை ஐஐடி குழு வந்து பார்த்துச் சொன்னது அது. உங்களுக்கு அடியில் கெட்டிப் பாறை. அதிலுள்ள வெடிப்புகள்தான் தண்ணீருக்குப் பாதை. கலங்கல் தண்ணீர் போனால் சேறு அடைத்துக்கொள்ளும்; அப்புறம் கம்ப்ரஸர் வைத்து ஊதினாலும் பழைய ஊற்று திரும்புவது சந்தேகம்.

கரிசல் கோடையில் கை நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். முதல் மழையை வெடிப்பு குடிக்கும். நனைந்ததும் மண் உப்பி மூடிக்கொள்ளும். 2 அடி குறைந்தது என்றீர்களே, அதுவும் முழுக்கக் கீழே போகவில்லை. தினம் 5 மி.மீ. ஆவியாவதாக வைத்தாலே 90 நாளில் 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி. மிச்ச அரை அடியிலும் பெரும்பகுதியைக் களிமண்ணே பிடித்துக்கொள்ளும்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். குட்டையில் அளவு போட்ட கம்பு ஒன்றை நடுங்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, கரையோரமாகப் பாதி முங்க வையுங்கள். மழையில்லாத ஒரு வாரம் போகட்டும், குட்டையில் மோட்டார் போடாதீர்கள். ஆடு வாய் வைத்துவிட்டால் கணக்கு கெட்டுவிடும்! தொட்டியைவிடக் குட்டையில் எவ்வளவு கூடுதலாக இறங்கியதோ, அவ்வளவுதான் மண்ணுக்குள் போனது.

போருக்கு ஊற வேண்டுமென்றால் களியைத் தாண்டி வழி விட வேண்டும். குட்டைக்குத் தண்ணீர் வருகிற தடத்தில், களியும், அதன் கீழுள்ள சுக்கானும் (சுண்ணாம்புக் கட்டி கலந்த மண்) கழிந்து உளுத்த பாறை தட்டுப்படும்வரை குழி எடுங்கள். அடியில் கருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே 2 அடி மணல். முன்னால் வண்டல் தங்க ஒரு சின்னத் தொட்டி. வருஷாவருஷம் சித்திரையில் மணல்மேல் ஏடுபோலப் படிந்ததைச் சுரண்டி எடுங்கள். விட்டால் குழியும் குட்டையாகிவிடும். உரம், மருந்து போட்ட வயல் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது.

சரி, இப்போது நிற்கிற தண்ணீரைப் போருக்கென்று காத்து வைக்க வேண்டாம். பருத்தி காய் பிடிக்கிற நேரம். ஆயில் இன்ஜினை வைத்து ஒரு தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள்.