சி.எம்.வி. தடுப்பூசிக்கு எவ்வளவு செலவாகும்?

கேள்வி: டாக்டர், கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) வேலை செய்கிறேன். இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம். சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) கிருமி தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்காமல் போகலாம் என்று தோழி சொன்னாள். அதற்குத் தடுப்பூசி போட எவ்வளவு ரிங்கிட் ஆகும்? தனியார் மருத்துவமனை என்றாலும் பரவாயில்லை.

பதில்: செலவுக்குத் தயாராகவே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஊசி கோலாலம்பூரில் மட்டுமல்ல, உலகில் எங்குமே இன்னும் விற்பனைக்கு வரவில்லை அம்மா. போடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

முயற்சி நடக்காமல் இல்லை. எந்தத் தடுப்பூசியை முதலில் உருவாக்க வேண்டும் என்று 2000-இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) கணக்குப் பார்த்தபோது, இதை முதல் வரிசையில் வைத்தது. பாதிக்கப்பட்ட ஒரு பிள்ளைக்குக் காது கருவி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி என்று ஆயுள் முழுக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஊசியின் செலவு பெரிதே இல்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு தடுப்பூசி பெண்களிடம் தொற்றைப் பாதியளவு குறைத்தது. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட மாடர்னா நிறுவனத்தின் ஊசியோ 2025 அக்டோபரில் இறுதிக்கட்ட ஆய்வில் தோற்றது. எனக்கும் அது பெரிய ஏமாற்றம்தான்.

பயந்து வேலையை விட வேண்டாம். ஏறக்குறைய 200 குழந்தைகளில் ஒன்று இந்தத் தொற்றோடு பிறக்கிறது. அப்படிப் பிறப்பவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குத்தான் நிரந்தரப் பாதிப்பு வருகிறது.

கிருமி இருப்பது சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும். பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருக்கும் பிள்ளைகூட மாதக்கணக்கில் அதை வெளியேற்றும். தாஸ்காவில் பெம்பர்ஸ் மாற்றியதும், மூக்கு துடைத்ததும் சவர்க்காரம் போட்டு இருபது வினாடி கை கழுவுங்கள். உண்மையில், வீட்டில்தான் நாம் அதிகம் அசந்துபோகிறோம். மகன் மிச்சம் வைத்த சோற்றை வீணாக்க மனமில்லாமல் நீங்கள் சாப்பிடுவது, அவன் கரண்டியாலேயே ருசி பார்ப்பது, கீழே விழுந்த சூப்பானை உங்கள் வாயில் வைத்துச் சுத்தம் செய்வது... பிரசவம் வரை இவையெல்லாம் வேண்டாம். முத்தம் கொடுக்கத் தடையில்லை. உதட்டில் வேண்டாம், நெற்றியிலோ தலையிலோ கொடுங்கள். 'எனக்கு முன்பே வந்து போயிருக்கும்' என்றும் அலட்சியமாக இருக்காதீர்கள், மறுபடியும் தொற்றலாம்.

இன்னொன்று. குழந்தை பிறந்ததும் காது பரிசோதனை கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். அதில் தேறாவிட்டால் 21 நாளுக்குள் சிறுநீரிலோ எச்சிலிலோ சி.எம்.வி. சோதனை எடுத்தாக வேண்டும். நாள் தள்ளிப்போனால், தொற்று வயிற்றிலேயே வந்ததா பிறந்த பிறகு வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். அறிகுறிகளோடு பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்திலேயே மருந்து தொடங்கினால் கேட்கும் திறனைக் காக்க உதவும். அடுத்த செக்கப்பில் தாதியிடம் சொல்லி இந்த 21 நாள் விஷயத்தை உங்கள் கர்ப்பகாலப் புத்தகத்தில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.