அக்கா எழுந்து போன ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: எங்கள் தெருவில் எட்டுப் பெண்கள் மாதம் ஒரு ஞாயிறு மொட்டை மாடியில் கூடி, படித்த புத்தகம் பற்றிப் பேசுவோம். போன மாதம் என் முறை. ஹஷீஷ் என்ற போதைப்பொருளைக் கடத்தித் துருக்கியில் பிடிபட்டு 5 வருஷம் சிறையில் கிடந்த அமெரிக்கர் பில்லி ஹேய்ஸின் 'மிட்நைட் எக்ஸ்பிரஸ்' புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தப் படத்தையும் பார்த்திருக்கிறேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். எங்களில் மூத்தவரான ஓர் அக்கா, "அவன் கொண்டுபோனது எத்தனை வீட்டுப் பிள்ளைங்க கைக்குப் போச்சுன்னு அதுல ஒரு வரி இருக்கா?" என்று கேட்டார். "மனுஷத்தன்மை இல்லாம பேசாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். காபி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனவர் இன்றுவரை பேசவில்லை. அவர் மகன் போதை மறுவாழ்வு மையத்தில் இருப்பது பிறகுதான் இன்னொருவர் சொல்லித் தெரிந்தது. இதற்கிடையில் ஒரு தோழி, "அந்த ஆள் முன்னாடியே சில தடவை கடத்தினவராம், புத்தகத்துல மறைச்சுட்டாராம்" என்கிறாள். நான் ஏமாந்துவிட்டேனா? அழுதது தப்பா? அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?
- பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்தக் காபி டம்ளர் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் தோழி சொன்னதைப் பார்த்துவிடலாம்.

அவர் சொன்னது சரிதான். ஹேய்ஸ், வில்லியம் ஹாஃபருடன் சேர்ந்து 1977-இல் கொண்டுவந்த அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்கு, ஒரே ஒரு தடவை புத்தி தடுமாறி மாட்டிக்கொண்ட பையன் என்றுதான் தோன்றும். அதற்கு முன்பே சில தடவை துருக்கியிலிருந்து சரக்கு கொண்டுபோயிருக்கிறார் என்பதைப் பல வருஷம் கழித்து அவரே வெளியில் சொன்னார். இதைத் தெரிந்துகொண்டு பிடிபட்ட இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். 1970 அக்டோபர் 7. இரண்டு கிலோ ஹஷீஷை உடம்போடு ஒட்டிக் கட்டிக்கொண்டு இஸ்தான்புல் விமான நிலையத்தில் சுங்கச் சோதனையைத் தாண்டிவிட்டார். அதற்கு முந்தின மாதம்தான் பாலஸ்தீன ஆயுதக் குழுவினர் வரிசையாக விமானங்களைக் கடத்தியிருந்தார்கள். அதனால் விமானத்தில் ஏறும் இடத்தில் இன்னொரு சோதனை வைத்திருந்தார்கள். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. முதல் தடவை படித்தபோது எனக்கும் நெஞ்சு அடைத்தது. இப்போது படித்தால், முன்பு போய்வந்த தெம்பில்தான் அந்தப் பையன் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறான் என்று படுகிறது. வாசகரிடம் மறைத்தது தப்புதான், அதில் சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் நீங்கள் எந்த இடத்தில் அழுதீர்கள்? என் ஊகம் இது. முதலில் அவருக்குக் கிடைத்த தண்டனை 4 வருஷம் 2 மாதம். விடுதலைக்குச் சில வாரமே பாக்கி இருக்கும்போது, மேல்நீதிமன்றத்துக்குப் போன வழக்கு திரும்பி வருகிறது. போதைப்பொருள் வைத்திருந்த குற்றம், கடத்திய குற்றமாக மாறி, ஆயுள் தண்டனை என்று ஆகி, அது 30 வருஷமாகக் குறைகிறது. வீட்டுக்குப் போக நாள் எண்ணிக்கொண்டிருந்தவனிடம் இன்னும் 30 வருஷம் என்றால் யாருக்குத்தான் கண் கலங்காது? அந்தத் தீர்ப்பு பழைய பயணங்களுக்காக வந்ததில்லை. 2 கிலோவுக்காக வந்தது. அவர் மறைத்த விஷயம் வெளியே வந்ததால் அந்தக் கொடுமை குறைந்துவிடாது. அதனால் நீங்கள் அழுதது தப்பில்லை.

உங்கள் அக்கா கேட்ட கேள்வியை அவருக்கு முன்பே வேறு விதமாக ஒரு நாடே கேட்டிருக்கிறது. ஆலன் பார்க்கர் 1978-இல் எடுத்த படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் ஆலிவர் ஸ்டோன். அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். படத்தின் நாயகன் காவலர் ஒருவரைக் கொன்றுவிட்டு, காவலர் உடையில் வாசல் வழியாகவே நடந்து வெளியேறுவான். நிஜத்தில் ஹேய்ஸ் யாரையும் கொல்லவில்லை. 1975 அக்டோபரில், மர்மரா கடலிலுள்ள இம்ராலி தீவுச் சிறையிலிருந்து புயல் அடித்த இரவில் ஒரு சின்னப் படகைத் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார். பிறகு எல்லை ஆற்றைக் கடந்து கிரீஸுக்குள் நுழைந்தார். படத்தில் அவன் நீதிமன்றத்தில் நின்று துருக்கியர் அத்தனை பேரையும் பன்றிகள் என்று ஏசுகிறான். புத்தகத்திலோ, உங்களை மன்னிக்கத்தான் என்னால் முடியும் என்ற பொருளில் பேசுகிறார். நல்லவர் என்று சொல்ல ஒரு துருக்கியர்கூட அந்தப் படத்தில் இல்லை. தலைமுறை தாண்டியும் துருக்கியர்களுக்கு அது ஆறாத புண். 2004-இல் துருக்கிக்குப் போன ஸ்டோன், மிகைப்படுத்தியதற்கு வருத்தம் தெரிவித்தார். 2007-இல் ஹேய்ஸே இஸ்தான்புல்லுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். தப்பி ஓடிய ஊருக்கே திரும்பிப் போய் நின்றாரே, அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தன் கதையை எழுதுகிறவருடைய முகம் மட்டும்தான் நமக்குக் கிட்டத்தில் தெரிகிறது. காவலர்கள், சக கைதிகள், அந்த ஊர் ஜனங்கள் எல்லோரும் தூரத்தில் நிற்கிறார்கள். சரக்கு போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய வீடோ கண்ணுக்கே எட்டுவதில்லை. உங்கள் அக்கா இருப்பது அப்படி ஒரு வீட்டில். ஹேய்ஸ் கொண்டுபோனது கஞ்சாச் செடியின் பிசின், ஹெராயின் இல்லை என்று நீங்கள் வாதாடலாம். அந்த வித்தியாசம் உண்மை. அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பித்தளை அண்டா, சைக்கிள், கேஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போன பிறகு, தாலிக்கொடியைக் கழற்றித் தலையணைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிட்டு, அதன்மேல் தலைவைத்துப் படுப்பார். மகன் ராத்திரி கதவைத் தட்டினால் முதலில் கை தலையணைக்குத்தான் போகும், பிறகுதான் தாழ்ப்பாளுக்கு. அவரிடம் யாரும் புத்தகம் எழுதித் தரும்படி கேட்டதில்லை.

எழுத வாய்ப்பே இல்லாமல் போனவர்கள், சரக்கு கொண்டுபோனவர்கள் பக்கத்திலும் உண்டு. மலேசியாவைச் சேர்ந்த நம் தமிழ்ப் பையன் நாகேந்திரன் தர்மலிங்கம், 2009-இல் தொடையில் கட்டியிருந்த 42.72 கிராம் ஹெராயினோடு சிங்கப்பூரில் பிடிபட்டார். அங்கே 15 கிராமுக்கு மேல் போனால் தூக்கு. அவருடைய அறிவுத்திறன் அளவு (ஐ.க்யூ.) 69 என்று, அதாவது சராசரியைவிட மிகக் குறைவு என்று கணித்திருந்தார்கள். தண்டனையைக் குறைக்க அது போதும் என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 ஏப்ரல் 26 அன்று அவருடைய அம்மாவின் கடைசி மனுவும் தள்ளுபடியானது. கண்ணாடித் தடுப்பின் இடைவெளியில் கையை விட்டு, குடும்பத்தார் கையைப் பிடித்துக்கொண்டு அவர் 'மா' என்று கதறியது நீதிமன்ற அறை முழுக்கக் கேட்டது. மறுநாள் தூக்கிலிட்டார்கள். உடம்பில் கட்டிக்கொண்டு போனவர்கள்தான் இருவரும். ஒருவர் படகேறித் தப்பி, எழுதி, நம்மை அழவைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துருக்கிச் சட்டத்தை நினைத்து ஆத்திரப்படுகிறவர்கள் நம் சட்டத்தையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது. 1985-இல் வந்த நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, சரஸ், அதாவது ஹஷீஷ், ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் அது வணிக அளவு. ஹேய்ஸிடம் இருந்த 2 கிலோவோடு இன்று ஒருவர் இங்கே பிடிபட்டால் குறைந்தது 10 வருஷம், கூடுதலாக 20 வருஷம் கடுங்காவல், லட்சக்கணக்கில் அபராதம். ஜாமீன் லேசில் கிடைக்காது. மனு போட்டு மகனைப் பார்க்கக் காலையிலேயே சிறை வாசலில் வரிசையில் நிற்கும் அம்மாக்களையும், மறுவாழ்வு மைய வாசலில் நிற்கும் அம்மாக்களையும் நான் பார்த்திருக்கிறேன். கையில் இருக்கும் துணிப்பைகூட ஒரே மாதிரிதான் இருக்கும்.

இனி அக்கா விஷயம். நீங்கள் அழுததற்காக அவர் எழுந்து போகவில்லை. 'மனுஷத்தன்மை இல்லாம' என்ற வார்த்தைக்காகப் போனார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்டவரைக் குறை சொன்னீர்கள், அதுவும் ஏழு பேர் முன்னால். அதனால் மன்னிப்புக் கேட்கும்போது, 'உங்க மனசு புண்பட்டிருந்தா' என்று இழுக்காதீர்கள். "அன்னிக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. நீங்க கேட்டது சரிதான், எனக்கு அது தோணவேயில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். வீட்டில் அவர் மட்டும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அடுத்த கூட்டத்தில், அவர் வந்தாலும் வராவிட்டாலும், அந்த ஏழு பேர் முன்னாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

புத்தகத்தைக் கையில் கொண்டுபோகாதீர்கள். ஹேய்ஸ் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சை எடுக்காதீர்கள். முக்கியமாக, மகனைப் பற்றி நீங்களாக வாயைத் திறக்க வேண்டாம். அவர் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதே அவருக்கு இன்னொரு அவமானமாக இருக்கும். யார் சொன்னார்கள் என்று அவர் தேட ஆரம்பித்தால் உங்கள் எட்டுப் பேர் கூட்டமே கலைந்துவிடும். அவர் பேசாமல் வெறும் காபி மட்டும் போட்டுக் கொடுத்தால் அதைக் குடித்துவிட்டு வாருங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை போங்கள்.

என்றைக்காவது அவரே பேச்சை எடுத்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். எங்கே கேட்பது, யாரிடம் போவது என்று தவித்தால், மத்திய அரசின் இலவச உதவி எண் 14446 இருக்கிறது. குடும்பத்தாரும் பேசலாம். அந்த மையத்தில் பார்க்க விடுவது எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வெயிலில் இத்தனை நாளும் பஸ் மாறித் தனியாகத்தான் போய்வந்திருப்பார் போலிருக்கிறது. "அடுத்த தடவை நானும் கூட வரட்டுமாக்கா?" என்று கேளுங்கள்.