12 லட்சம் பர்சனல் லோன் போட்டு வீட்டை சரி பண்ணலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். எங்க வீடு பெரம்பூர்ல, மாமனார் 1987-ல கட்டினது, இப்ப மாமியார் பேர்ல இருக்கு. ரெண்டு மழைக்காலமா ஹால் சீலிங் ஒழுகுது. மேஸ்திரி வந்து பாத்துட்டு மொட்டை மாடி, சீலிங் வேலைக்கு 3.25 லட்சம், ரெண்டு பாத்ரூமுக்கு 2.5, மாடுலர் கிச்சன் 3.75, தரைக்கு டைல்ஸ் 1.5, பெயின்டிங் 1, ஆக 12 லட்சம்னு எழுதிக் குடுத்துட்டார். வீட்டுக்காரருக்கு கைக்கு வர்ற சம்பளம் 62,000, அதுல பைக் இஎம்ஐ 4,500 போயிடும். நான் ப்ளவுஸ் தைக்கிறேன், மாசம் இவ்ளோன்னு சொல்ல முடியாது. எஃப்டி-ல 2.5 லட்சம் இருக்கு. பேங்க்ல இருந்து போன் மேல போன், 14% வட்டி, 5 வருஷம், சொத்துப் பத்திரம் எதுவும் வேணாம்னு. ஒரேயடியா போட்டு முடிச்சிடலாம்ங்கிறார் அவர். எனக்கு மனசு ஒப்பல. பொண்ணு அடுத்த வருஷம் பிளஸ் டூ. என்ன பண்ணட்டும்?
– பெரம்பூர் வாசகி

பதில்: உங்க மனசு ஒப்பலன்னா அதுல நியாயம் இருக்கு தங்கச்சி, வாங்க கணக்கைப் பாப்போம். 12 லட்சம், 14%, 5 வருஷம்னா இஎம்ஐ கிட்டத்தட்ட 27,900. பைக்கோட சேத்தா 32,400. மீதி முப்பதாயிரத்துக்கும் கம்மி, அதுல மளிகை, கரன்ட் பில், பொண்ணு ட்யூஷன், அத்தைக்கு மாத்திரை எல்லாம் ஓடணும், ஒரு மாசம் ஆஸ்பத்திரி செலவு வந்தா கிரெடிட் கார்டை தேய்க்க வேண்டியதுதான். 5 வருஷம் கழிச்சு மொத்தம் கட்டியிருக்கறது 16.75 லட்சம். அதாவது வட்டி மட்டும் 4.75 லட்சம், உங்க மாடுலர் கிச்சனை விட ஒரு லட்சம் ஜாஸ்தி.

மேஸ்திரி எழுதின லிஸ்ட்ல எல்லாம் ஒண்ணு போல கிடக்கு, ஆனா எல்லாம் ஒண்ணு இல்ல. சீலிங் காத்திருக்காது. எங்க வீட்டுலயும் இப்படித்தான், சும்மா ஓதம்தானேன்னு பெயின்ட் அடிச்சு மறைச்சோம், அப்புறம் மேஸ்திரி சுத்தியல் கட்டையால மெதுவா தட்டிக்கிட்டே வந்தார், ஒரு இடத்துல டொக்குனு உள்ள காலியா சத்தம் வந்துச்சு, லேசா கொத்தினதும் பூச்சு பாளமா கீழ விழுந்து, உள்ள கம்பி அப்பளம் மாதிரி துரு உரிஞ்சு நிக்குது. துருப் பிடிச்சா கம்பி உப்பும், உப்பினா சுத்தி இருக்கற கான்கிரீட்டைத் தள்ளும், தள்ளின விரிசல்ல இன்னும் தண்ணி போகும். விட்டு வைக்க வைக்க செலவு ஏறும், கீழ ஆள் உக்காந்திருந்தா உயிருக்கே ஆபத்து. அதனால மொட்டை மாடி இப்பவே, அதுவும் வெயில் காலத்துலயே, தளம் நல்லா காஞ்சிருக்கணும், அக்டோபர்ல வடகிழக்கு மழை புடிச்சிட்டா அப்புறம் பொங்கல்தான். ரெண்டு பாத்ரூம்ல பைப் கசியறது எதுவோ அதை மட்டும் பாருங்க, சுமார் 1.25 லட்சம்னு வெச்சுக்கோங்க. கிச்சன், தரை, பெயின்ட் எல்லாம் பொண்ணு காலேஜ் சேந்தப்புறம்.

ஆக தேவை 4.5 லட்சம். எஃப்டி-ல 1 லட்சம் எடுங்க, மீதி 1.5-ஐ யார் கேட்டாலும் தொடாதீங்க. லோன் 3.5 லட்சம் போதும். அதே 14%-ல 3 வருஷம்னா இஎம்ஐ 12,000 கிட்ட வரும், மொத்த வட்டி 80,000 சொச்சம். இந்த அளவுக்கு பர்சனல் லோனே பரவாயில்லன்னுதான் சொல்லுவேன். வீட்டை அடமானம் வெச்சா வட்டி கம்மி, ஆனா அத்தை கையெழுத்து, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, அப்ரூவ்டு ப்ளான், வக்கீல் ஒப்பீனியன்னு அலைச்சல், சின்னத் தொகைக்கு அவ்ளோ தேவையில்ல. 10 வருஷம் போட்டா இஎம்ஐ கம்மியாகும்னு யாராவது சொன்னா, 9%-ல 12 லட்சத்துக்கு 10 வருஷத்துல வட்டி 6 லட்சத்தைத் தாண்டுதுன்னு நினைவு வெச்சுக்கோங்க.

யாராவது "ஃப்ளாட் 9%"னு சொன்னாலும் சந்தோஷப்படாதீங்க, 5 வருஷத்துக்கு 12 லட்சம்னா அதுக்கு இஎம்ஐ 29,000, உங்க 14%-ஐ விட ஜாஸ்தி, ஏன்னா கட்டக் கட்ட அசல் குறைஞ்சாலும் வட்டி மட்டும் முழு தொகைக்கே போட்டுக்கிட்டிருப்பாங்க. 2024 அக்டோபர்ல இருந்து லோன் குடுக்கறவங்க ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’, அதாவது வட்டி, ஃபீஸ் எல்லாம் ஒரே இடத்துல எழுதின தாள், கண்டிப்பா தரணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கு. கையெழுத்துக்கு முன்னாடி அதைக் கேட்டு வாங்கி, ஏபிஆர்னு (வருஷத்துக்கு கடனுக்கு ஆகற மொத்தச் செலவு) போட்டிருக்கற சதவீதத்தை மட்டும் ஒப்பிடுங்க, ப்ராசசிங் ஃபீஸ் எல்லாம் அதுல சேந்து வந்துடும். முன்கூட்டியே அடைச்சா அபராதம் எவ்ளோன்னும் அதுலயே பாருங்க.

இன்னொண்ணு, கேக்க சங்கடம்தான், ஆனா கேக்கணும். வீடு அத்தை பேர்ல, கடன் உங்க வீட்டுக்காரர் தலையில. கொழுந்தனார், நாத்தனார் இருக்காங்களா? நாளைக்கு பாகம் பிரிக்கும்போது "நாங்களா உன்னை செலவு பண்ணச் சொன்னோம்"னு ஒரு வார்த்தை வந்தா மனசு உடைஞ்சிடும். இப்பவே ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுங்க, அத்தையை வெச்சுக்கிட்டே சீலிங்கைக் காட்டுங்க, யார் எவ்ளோ போடறாங்க, யாரால முடியலன்னு பேசி ஒரு நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. இதை நீங்க ஆரம்பிக்காதீங்க, உங்க வீட்டுக்காரர் வாயால வரட்டும்.

வேலை நடக்க நடக்க மேஸ்திரிக்கு பணம் குடுங்க, கடைசித் தவணையைக் கையில வெச்சுக்கோங்க. முடிஞ்சதும் மொட்டை மாடியில தண்ணி போற பைப்பை துணியால அடைச்சு ரெண்டு இன்ச் தண்ணி கட்டி ரெண்டு நாள் விடுங்க, கீழ ஹால்ல ஒரு சொட்டும் தெரியலன்னா மீதியைக் குடுங்க.