கிளெண்டர்கன் தோட்டம்: ஆல்ஃபிரட் ஃபாக்ஸா, சார்லஸ் ஃபாக்ஸா?

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள கிளெண்டர்கன் தோட்டத்தை உருவாக்கியவர் யார் என்று கேட்டிருந்தீர்கள்: ஆல்ஃபிரட் ஃபாக்ஸ்தான் (1794–1874). ஃபால்மத் துறைமுகத்தில் கப்பல் முகவர் தொழில் செய்த குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பம் அவருடையது. நீங்கள் குறித்திருக்கும் சார்லஸ் அவருடைய தம்பி, அவர் உருவாக்கியது ட்ரீபா என்ற தோட்டம்.

இரண்டும் ஹெல்ஃபர்டு ஆற்றை நோக்கி இறங்கும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகள், அதனால்தான் பெயர்கள் மாறிப்போயிருக்கும். போதாததற்கு இன்னொரு சகோதரர் ராபர்ட் வேர் ஃபாக்ஸுக்கும் பென்ஜெரிக் என்ற இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது.

உங்கள் குறிப்பில் லாரல் செடிகளால் ஆன சுற்றுவழிப் புதிர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சந்தேகமே வேண்டாம், அது 1833இல் ஆல்ஃபிரட் நட்டது. எத்தனை அழகான வேலை அது! பன்னிரண்டு பிள்ளைகள் வளர்ந்த வீட்டுத் தோட்டம் அல்லவா.

ஒன்று மட்டும் கவனம்: இன்று அங்கே நிற்கும் மரங்களை எல்லாம் அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 1962இல் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் கொடுக்கும்வரை அடுத்த தலைமுறைகளும் நட்டுக்கொண்டே இருந்தன.