எர்ஸாட்ஸ்: மாற்றா, போலியா?

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் சிறைமுகாமில் இருந்த ஒரு பிரிட்டிஷ் வீரரின் நினைவுக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ‘எர்ஸாட்ஸ் காபி’ என்று வருகிறது. அகராதி ‘தரம் குறைந்த மாற்று’ என்று பொருள் சொல்வதால் ‘போலிக் காபி’ என்று எழுதினேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் அது தவறு என்கிறார். காரின் ஸ்டெப்னிக்கும், ரயில் ஓடாத நாளில் அதற்குப் பதிலாக விடும் பஸ்ஸுக்கும் அங்கே இதே சொல்தானாம். எதை எடுத்துக்கொள்வது?

– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

அண்ணன் சொல்வதும் சரி, அகராதி சொல்வதும் சரி. ஆனாலும் ‘போலிக் காபி’ வேண்டாம்.

ஜெர்மனில் எர்ஸாட்ஸ் ஒரு பெயர்ச்சொல். ஒன்று இல்லாதபோது அந்த இடத்துக்கு வரும் இன்னொன்று, அவ்வளவுதான். உதிரிபாகம் எர்ஸாட்ஸ்டைல். நஷ்டஈடு ஷாடன்எர்ஸாட்ஸ். கால்பந்தில் மாற்று ஆட்டக்காரர் எர்ஸாட்ஸ்ஷ்பீலர். இவற்றில் இளப்பம் துளியும் இல்லை. 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் ஒரே கோலை அடித்து வென்று கொடுத்த மரியோ கெட்ஸே அப்படி மாற்றாக இறங்கியவர்தான்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் நிறம் மாறியதற்குப் பசிதான் காரணம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனிக்குச் செல்லும் கப்பல்களை மறித்தது. காபிக்கொட்டை வரவில்லை, கொழுப்பு வரவில்லை, தானியம் வரவில்லை. 1916இல் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் மாட்டுத் தீவனமான கிழங்கைத் தின்று மக்கள் உயிர் பிழைத்தார்கள். அந்தப் பருவத்துக்கே ‘டர்னிப் குளிர்காலம்’ என்று பெயர் நின்றுவிட்டது. பார்லி, சிக்கரி வேர், ஓக் மரத்துக் கொட்டை என்று எது கிடைத்ததோ அதை வறுத்துக் காபி போட்டார்கள். பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்ஸலரான கொன்ராட் அடெனவர் அப்போது கொலோன் நகர நிர்வாகத்தில் இருந்தார். மக்காச்சோள மாவு கலந்த ரொட்டியையும் சோயா சாஸேஜையும் உருவாக்கியவர் அவர். இவை எல்லாவற்றின் பெயருக்கும் முன்னால் எர்ஸாட்ஸ் என்ற சொல் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் போரில் அதே கதை திரும்பியது. உங்கள் கட்டுரையாளரைப் போன்ற கைதிகளின் குவளையிலும் அந்தக் காபிதான் ஊற்றப்பட்டது.

ஆங்கிலம் வாங்கிக்கொண்டது அந்தக் கசப்பைத்தான். அங்கே அது பெயரடையாகி, காபியை விட்டு வெகுதூரம் போய்விட்டது. வணிக வளாகத்துக்குள் செட் போட்ட கிராமத் தெரு, எர்ஸாட்ஸ் கிராமம். வரவழைத்துக்கொண்ட உருக்கம், எர்ஸாட்ஸ் உருக்கம். இந்த இடங்களில் ‘போலி’ என்று தாராளமாக எழுதலாம்.

காபிக்கு ஏன் கூடாது? போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று இன்று நாம் சொன்னால் அதில் ஒருவன் ஏமாற்றுகிறான், இன்னொருவன் ஏமாறுகிறான். பார்லிக் காபியைக் குடித்தவர் யாரும் ஏமாறவில்லை. அது காபி இல்லை என்று தெரிந்தேதான் குடித்தார்கள். சூடாக ஏதோ ஒன்று, காலையில், காபி என்ற பெயரோடு வேண்டியிருந்தது. அந்த ஏக்கத்தை மோசடியாக்கிவிடக் கூடாது.

இதில் என்னை நெகிழவைப்பது, நம் ‘போலி’யும் இதே வழியில் வந்த சொல் என்பதுதான். இலக்கணத்தில் போலி என்பது குற்றமே இல்லை. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நிற்கும், பொருள் மாறாது. பந்தல், பந்தர். அறம், அறன். ‘அறன் வலியுறுத்தல்’ என்று குறளில் படிக்கும்போது அறத்தைவிட ஒரு படி குறைந்த எதையோ வலியுறுத்துகிறார் என்று நாம் நினைப்பதில்லை. ஜெர்மானியரின் எர்ஸாட்ஸும் அப்படிப்பட்டதுதான். இலக்கணப் புத்தகத்துக்கு வெளியே வந்த பிறகு நம் சொல்லுக்கும் கெட்ட பெயர் வந்துவிட்டது.

‘மாற்றுக் காபி’ பொருளில் சரி, ஆனால் சுவையே இல்லாத சொல். சிக்கரிக் காபி என்றும் எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் சிக்கரியை இத்தனை பங்கு என்று கேட்டு வாங்கிக் கலந்து ரசித்துக் குடிக்கிறோம், வாசகருக்கு அந்த வாசனைதான் வரும். அந்த முகாமில் எதை வறுத்தார்கள் என்று கட்டுரையாளர் எங்காவது சொல்லியிருக்கிறாரா, பாருங்கள். சொல்லியிருந்தால் முதல் இடத்தில் ‘காபிக்குப் பதிலாகப் பார்லியை வறுத்துப் போட்ட எர்ஸாட்ஸ் காபி’ என்பதுபோல விரித்து எழுதிவிட்டு, அடுத்த இடங்களில் ‘எர்ஸாட்ஸ் காபி’ என்றே விட்டுவிடுங்கள்.

அன்புடன்.