திருட்டு பிடிஎஃப்பை மடக்குவது எப்படி? தில்லித் தமிழ்ப் பதிப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

மயூர் விஹார், நாவலாசிரியர்: என் நாவலின் பிடிஎஃப் பலர் போனில் சுற்றுகிறது. கூகுளில் தேடினால் ஒன்றும் சிக்கவில்லையே?

தமிழ் எழுத்தில் மட்டும் தேடியிருப்பீர்கள். கோப்புக்குப் பெயர் வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். 'ழ'வுக்கு ஒருவர் இசட் எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். ஐந்தாறு விதமாக எழுதித் தேடுங்கள். பிறகு, நூலுக்குள் இருந்து வேறெங்கும் வராத எட்டுப் பத்துச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்.

ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படமாக இருந்தால் இந்த வழி உதவாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்த நூல் என்றால், தேடுபொறிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகவே தெரியும். உங்கள் அச்சுக் கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டி, வருகிற அந்தக் குழப்பத்தையே தேடிப் பாருங்கள். நிறுத்தக்குறிகளைத் தேடுபொறி கண்டுகொள்ளாது. அதனால் நாலைந்து வரிகளை மாற்றி மாற்றி முயல வேண்டும். டெலிகிராமுக்குள் இருப்பதை அந்தச் செயலியிலேயே தனியாகத் தேடுங்கள்.

ஆர்.கே.புரம், பதிப்பாளர்: டெலிகிராம் சேனல் ஒன்றின் மீது புகார் அனுப்பினேன். பலன் இல்லை.

சேனல் பெயரை மட்டும் கொடுத்தால் வேலை நடக்காது. ஒவ்வொரு பதிவுக்கும் தனி லிங்க் உண்டு. கடைசியில் இருக்கும் எண்தான் பதிவின் எண். அதை நகலெடுத்து அனுப்புங்கள்.

அதற்கு முன்னால் சான்றைச் சேர்த்துவிடுங்கள், தயவுசெய்து. முழு முகவரி, தேதி, நேரம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் வேண்டும். கோப்பை இறக்கி அதன் எஸ்எச்ஏ-256 ஹேஷ் எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கணக்கிட விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையே போதும். புகார் போனதும் பதிவு மறைந்துவிட்டால், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கையில் எதுவும் இருக்காது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தில், மின்னணுச் சான்றுக்கான 63ஆம் பிரிவுச் சான்றிதழ், ஹேஷ் எண்ணையே கேட்கிறது.

எந்தச் சட்டத்தின் கீழ் எழுதுகிறோம் என்பதும் முக்கியம். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதிப்படி புகார் கொடுத்தால், தளம் 36 மணி நேரத்தில் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் வழக்குத் தொடுத்து 21 நாளில் நீதிமன்ற உத்தரவு காட்டுவதாக நீங்களும் உறுதி தர வேண்டும். உத்தரவு வராவிட்டால் கோப்பு மீண்டும் வரலாம். வழக்குக்குத் தயாராக இல்லாத சிறு பதிப்பகத்துக்கு, வெளிநாட்டுத் தளங்களில் டிஎம்சிஏ என்னும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி அனுப்பும் நோட்டீஸே நல்லது. அதில் எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால்தான் வழக்குப் பேச்சு வரும்.

விஷயம் பெரிதானால் நம் ஊர் நீதிமன்றமே துணை. சேனல் நடத்துகிறவர்களின் விவரத்தைத் தரும்படி 2022இல் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது தில்லி உயர் நீதிமன்றம்தான்.

கரோல் பாக், மொழிபெயர்ப்பாளர்: கூகுள் தேடலில் நீக்கிவிட்டார்கள். கோப்பு இன்னும் திறக்கிறதே?

நீங்கியது வழிகாட்டிப் பலகை மட்டும். கோப்பு கூகுள் டிரைவில் இருந்தால் அதற்குத் தனிப் புகார் வேண்டும். வேறு தளம் என்றால், இணைய முகவரி யாருடையது என்று காட்டும் ஹூயிஸ் தேடலில், தளத்தைத் தன் கணினியில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தைப் பாருங்கள். கிளவுட்ஃபிளேர் என்று வந்தால், அது பெரும்பாலும் தளத்துக்கு முன்னால் நின்று அதன் இடத்தை மறைக்கும் திரைதான். அவர்களுடைய புகார்ப் படிவத்தை நிரப்பினால் உண்மையான ஹோஸ்டிங் யார் என்று தெரியவரும். நோட்டீஸை அங்கே அனுப்புங்கள்.

ரோகிணி, பதிப்பாளர்: மின்னூலுக்கு டிஆர்எம் போடலாமா, வாட்டர்மார்க் போதுமா?

வாட்டர்மார்க், அதாவது வாங்கியவரை அடையாளம் காட்டும் குறி, போடுங்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு, காசு கொடுத்து வாங்கியவரைத்தான் அதிகம் படுத்துகிறது; திருடுகிறவர் அதை உடைத்துவிடுகிறார். அத்தியாய முடிவுகளில் ஆர்டர் எண் வரட்டும், மொபைல் எண் வேண்டாம். இபப் என்னும் மின்னூல் கோப்பின் மெட்டாடேட்டாவில் (நூலைப் பற்றிய விவரப் பகுதியில்) மட்டும் குறியை ஒளித்தால், காலிபர் என்னும் மின்னூல் மென்பொருளில் நொடியில் அழித்துவிடலாம்.

அழிக்கக் கடினமான குறி எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. கறுப்பு, கருப்பு; பவளம், பவழம்; மதில், மதிள் என்று இரண்டு வடிவமும் சரியாக உள்ள சொற்களில் பத்து இணைகளைத் தேர்ந்தெடுங்கள். பிரதிக்குப் பிரதி மாற்றிப் போட்டால் 1,024 தனித்தனிப் பிரதிகள் கிடைக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும், மறுபடி தட்டச்சு செய்தாலும் இது தங்கும். ஆசிரியரின் சம்மதம் கட்டாயம் வேண்டும்.

ஒன்று கவனியுங்கள்: பதிப்புரிமைச் சட்டத்தின் 65பி பிரிவு நூல் பெயர், ஆசிரியர் பெயர், உரிமையாளர் விவரம் ஆகியவற்றை அழிப்பதைத்தான் தண்டிக்கிறது. வாங்கியவரை அடையாளம் காட்டும் குறி அதில் சேராது. தவிர, குறி சொல்வது யார் வாங்கினார் என்பதை மட்டுமே. பழி சொல்லும் முன் விசாரியுங்கள்.

துவாரகா, கவிஞர்: பதிப்புரிமையைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை, எழுதியதுமே உரிமை வந்துவிடும். ஆனாலும் வழக்கில் பதிவு முதல் சான்றாக நிற்கும். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு. அலுவலகம் உங்கள் துவாரகாவிலேயே, 14ஆம் செக்டாரில் இருக்கிறது.

லோதி காலனி, பதிப்பாளர்: காலமாகி எழுபது ஆண்டான எழுத்தாளரின் கதைகளைப் புதிதாகக் கோத்து வெளியிட்டோம். எங்கள் பதிப்பை ஸ்கேன் செய்து போட்டுவிட்டார்கள்.

ஆசிரியர் வாழ்நாளில் வெளியான கதைகள் என்றால், அவர் இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டதால் மூலத்துக்கு உரிமை கோர முடியாது. கோரினால் பொய்ப் புகாராகிவிடும். நீங்கள் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, வரையச் செய்த அட்டைப்படம் ஆகியவற்றுக்கு உரிமை உண்டு. அந்தப் பக்க எண்களை மட்டும் குறித்து நோட்டீஸ் அனுப்புங்கள்.